வெட்டி எடுத்த நாற்பது பக்கம்

அன்பு மகனுக்கு அம்மா எழுதிக்கொள்வது. இங்கே எல்லோரும் சுகம் என்று தொடங்கத்தான் பேனாவை எடுத்தேன், பொய்யில் ஆரம்பிக்க மனசு வரவில்லை. உன் சுகம் தெரியாமல் இங்கே யாருக்கு என்ன சுகம் வந்துவிடப்போகிறது? இது ஐந்தாவது கடிதம், முன்னால் எழுதிய நாலுக்கும் பதில் இல்லை, ஃபோனையும் நீ எடுப்பதில்லை. உன்னோடு தங்கியிருக்கிற நர்ஸ் மூன்று வாரத்துக்கு முன்னால் பேசியபோதுதான் எனக்கு விஷயமே தெரியும். வேலை போனதிலிருந்து அறையை விட்டு நீ வெளியே வருவதில்லையாம், வாசலில் வைத்த தட்டு அப்படியே இருக்கிறதாம், டாக்டரிடம் போகலாமா என்று கேட்டால் சுவரைப் பார்த்துத் திரும்பிப் படுத்துக்கொள்கிறாயாம். "ஆனா உங்க கடிதம் வந்தா மட்டும் பிரிச்சுப் படிக்கிறான்மா, எழுதிக்கிட்டே இருங்க" என்றார். அன்றிலிருந்து வயிற்றில் நெருப்பைக் கட்டிக்கொண்டு எழுதிக்கொண்டிருக்கிறேன். அன்றைக்கே ஓடி வந்திருப்பேன், அப்பா பல்பு மாற்றுகிறேன் என்று ஏணியில் ஏறி விழுந்து காலில் மாவுக்கட்டோடு கிடக்கிறார், ஒண்ணுக்குப் போகக்கூட நான்தான் தூக்கிவிட வேண்டும். உன் ஃபோன் வந்ததா என்று அவர் கேட்காத மணி இல்லை. கேட்டுவிட்டு முகத்தைச் செய்தித்தாளில் மறைத்துக்கொள்கிறார், பேப்பரைத் தலைகீழாகப் பிடித்திருக்கிறார் என்பதுகூடத் தெரிவதில்லை.

சாப்பிடு, தூங்கு, காற்றாட நட என்று நாலு கடிதத்தில் எழுதி எனக்கே அலுத்துவிட்டது, உனக்கு எப்படி இருக்கும்? வேறு என்ன சொல்லி உன்னை எழுப்புவது என்று கை ஓடவில்லை, கால் ஓடவில்லை. சின்ன வயசில் சாப்பாட்டை மறந்து புத்தகமும் கையுமாகக் கிடப்பாயே, ஏட்டுச் சுரைக்காய் கறிக்கு உதவுமாடா என்று விளக்கைக்கூட அணைத்திருக்கிறேனே, அது ஞாபகம் வந்தது. கேன்டீன் வேலை முடிந்ததும் வெங்காய வாசனையோடு நேரே நூலகத்துக்குப் போனேன். மனுஷனாப் பிறந்தவன் சாகறதுக்குள்ள படிச்சே ஆகவேண்டிய புத்தகமா எடுத்துக் கொடுங்க என்று கேட்க வாயைத் திறந்தேன், அந்த ஒரு வார்த்தை தொண்டையிலேயே நின்றுவிட்டது கண்ணா. வாழ்நாள்ல ஒரு தடவையாவது படிக்க வேண்டியது என்று மாற்றிச் சொன்னேன். நூலகத்தம்மா என்னை மேலும் கீழும் பார்த்து, உங்களுக்கா என்றார். என் பையனுக்கு, ஆனா நான் முதல்ல படிச்சுப் பார்த்துட்டுத்தான் குடுப்பேன் என்றேன். முந்நூறு பேருக்குச் சமைக்கிறவள் ருசி பார்க்காமல் பரிமாறுவேனா? எட்டுப் புத்தகம் எழுதிக் கொடுத்தார், பத்து நாளில் நாலுதான் முடிந்தது, உருளைக்கிழங்கு மூட்டை மேல் உட்கார்ந்து கண்ணாடியில் ஆவி படியப் படியத் துடைத்துத் துடைத்துப் படித்தேன்.

மழை அளக்கிற ஆபீஸில் முப்பது வருஷம் வேலை பார்த்த ஒரு பெண் எழுதியதை நீ கட்டாயம் படிக்க வேண்டும். இன்றைக்கு எவ்வளவு மழை, காற்று எந்தப் பக்கம், அவ்வளவுதான், இதையெல்லாமா அச்சடிப்பார்கள் என்று முதலில் திட்டினேன். அவள் புருஷன் செத்த அன்றைக்கும் குடையைப் பிடித்துக்கொண்டு போய் அளந்து எழுதியிருக்கிறாள், அந்த இடம் வந்ததும் புத்தகத்தை மூடி வைத்துவிட்டு ஒரு பாடு அழுதேன். வழி தெரியாத தபால்காரன் கதை ஒன்று, சத்தமாக வாசித்தேன், பாத்திரம் தேய்க்கிறவள் சிரித்துச் சிரித்துப் புரையேறிப் போனாள், அதுவும் உனக்குத்தான். வாழ்க்கை என்றால் என்ன என்று ஒருவர் எண்ணூறு பக்கம் எழுதியிருக்கிறார், ஆயுளில் ஒரு தடவை படிக்கணுமாம், படித்தால் ஆயுளே அதற்குச் சரியாகப் போய்விடும், அதைத் திருப்பிக் கொடுத்துவிட்டேன்.

நாலாவதுதான் என் பிராணனை வாங்கியது. இதைப் படிக்காதவன் என்ன படிச்சவன் என்று நூலகத்தம்மாவே தூக்கி வைத்துப் பேசிய புத்தகம். வேலை போன ஒருத்தன் அறையைப் பூட்டிக்கொண்டு கிடக்கிறான், ஒவ்வொரு வரியும் உன்னைப் பக்கத்திலிருந்து பார்த்து எழுதியதுபோல இருந்தது. உன்னைப் போல இன்னொருத்தனும் இருக்கிறான் என்று தெரிந்தால் உனக்குத் தெம்பு வரும், இதுதான் மருந்து என்று நினைத்து, பாதி படிக்கும்போதே பழைய புத்தகக் கடைக்கு ஓடி உனக்கென்று ஒரு பிரதி வாங்கிவிட்டேன். அவசரக்காரிக்குப் புத்தி மட்டு. மறுநாள் கடைசிப் பகுதிக்கு வந்தால் அவன் விடியற்காலையில் ஆற்றங்கரைக்குப் போகிறான், போனவன் திரும்பவில்லை. அடுப்பில் இருந்தது அடிப்பிடித்துக் கரிந்து, மேற்பார்வையாளர் வந்து கத்தினார், எனக்குக் காது கேட்கவில்லை. எழுதினவர் பெரிய மேதையாகவே இருக்கட்டும், ஒரு பிள்ளையை வளர்த்து ஆளாக்கியிருந்தால் அந்த இடத்தில் பேனா ஓடியிருக்குமா? காய் நறுக்கும் கத்தியை எடுத்து, உனக்கு வாங்கிய பிரதியின் கடைசி நாற்பது பக்கத்தையும் முதுகோடு ஒட்ட அறுத்து அடுப்பில் போட்டேன். போட்ட பிறகுதான் உறைத்தது, கதையை நடுவில் நிறுத்தினால் என் பிள்ளை மிச்சம் என்ன என்று தேடிப் போவானே என்று. அதனால் மிச்சத்தை நானே எழுதினேன். சிரிக்காதே, சிரித்தாலும் பரவாயில்லை, சிரித்தால் எனக்குச் சந்தோஷம்தான். அவன் ஆற்றங்கரையில் ரொம்ப நேரம் நிற்கிறான், கால் விறைத்துப் போகிறது, வீட்டுக்குத் திரும்பி வருகிறான். வீட்டில் யாரும் ஏன் எதற்கென்று கேட்கவில்லை. இரண்டு நாள் தூங்குகிறான், மூன்றாம் நாள் காலையில் அவனுக்குப் பசிக்கிறது. அதற்கு மேல் எழுத எனக்குத் தெரியவில்லை. கோணி ஊசியால் அந்தத் தாள்களைப் புத்தகத்தோடு சேர்த்துத் தைத்திருக்கிறேன்.

உனக்கும் அப்படி ஒரு நினைப்பு வந்ததாடா? கேட்கப் பயந்துதான் நாலு கடிதத்தில் சாப்பாட்டைப் பற்றியே எழுதினேன், இப்போது கேட்டுவிட்டேன். வந்திருந்தால் எனக்காகக் காத்திருக்காமல் இப்போதே நர்ஸைக் கூப்பிட்டுச் சொல்லு. அவருக்கு அது வேலை, பயப்படமாட்டார், உன்னைக் கேவலமாகவும் நினைக்கமாட்டார். அக்காவுக்கு ஒருவழியாக லீவு கிடைத்துவிட்டது, வெள்ளிக்கிழமையிலிருந்து அவள் அப்பாவைப் பார்த்துக்கொள்வாள், நான் அன்றைக்கே ரயில் ஏறுகிறேன், ஞாயிறு காலை வந்து சேருவேன். அந்த ஊர் பாஷையில் எனக்கு ஒரு எழுத்து தெரியாது, உன் விலாசத்தை ஐந்து துண்டுச் சீட்டில் எழுதி ஐந்து இடத்தில் வைத்திருக்கிறேன். புத்தகத்தைக் கையிலேயே கொண்டுவருகிறேன். கதவைத் தட்டுவேன், எழுந்து வர முடியாவிட்டால் உள்ளே இருந்து ஒரு சத்தம் கொடு போதும், நான் வாசலிலேயே உட்கார்ந்து வாசிக்கிறேன், நீ படுத்தபடியே கேள்.

அப்பா ஆசீர்வாதம் சொல்லச் சொன்னார். என் ஆசீர்வாதமும் எல்லோரும் சொல்வதுதான், தீர்க்காயுசாக இரு. மற்றவர்கள் அதை வாய் வார்த்தைக்குச் சொல்லுவார்கள், நான் உன் காலைப் பிடித்துக் கேட்கிறேன். மறக்காமல் தண்ணீர் குடி, ராத்திரி உள்தாழ்ப்பாள் போடாதே.

ஞாயிற்றுக்கிழமை வரை உயிரைக் கையில் பிடித்துக்கொண்டிருக்கும்,
உன் அம்மா