பாடத் தெரியாத மதினிக்கு

மதினி,

குருத்தோலை ஞாயிற்றுக்கு முன்னால் பாடகர் குழுவின் அங்கிகளைத் துவைத்து வைக்கலாம் என்று நேற்றுப் பள்ளி விட்டதும் ஆலயத்துக்குப் போனேன். பின்னறை பீரோவைத் திறந்ததும் ஏலக்காய் வாசம் முகத்தில் அடித்தது. பூச்சி அரிக்காமல் இருக்க நீங்கள் பழைய சேலைத் துணியில் முடிந்து போட்ட ஏலக்காய்த் தோல், மூலையில் அப்படியே கிடந்தது. அங்கிகளை அள்ளிக்கொண்டு கொஞ்ச நேரம் அங்கேயே நின்றேன். துவைத்தால் அந்த வாசம் போய்விடும். துவைக்காமலும் இருக்க முடியாது. இத்தனையையும் துவைத்து என்ன செய்யப் போகிறோம் என்ற எண்ணமும் கூடவே வந்தது. இந்த முறை உடுத்த ஆளில்லாத அங்கிகள்தான் அதிகம்.

நீங்கள் ஆலயத்தில் முதன்முதலில் எழுந்து பேசிய ஞாயிறு நினைவுக்கு வந்தது. நான் திண்டுக்கல்லிலிருந்து மாற்றலாகி இந்த ஊர்ப் பள்ளிக்கு வந்த புதிது. கீபோர்டு வாசிக்கத் தெரியும் என்று சொன்ன பாவத்துக்கு என்னைப் பாடகர் குழுவில் உட்கார வைத்திருந்தார்கள். குழு என்றால் நானும் ஸ்டெல்லா அக்காவும் அவருடைய தங்கையும்தான். பழைய பாடகர் குடும்பத்துப் பிள்ளைகள் எல்லாம் சென்னைக்கும் கோயம்புத்தூருக்கும் போய்விட்டார்கள். அந்தக் கிறிஸ்துமஸில் நாங்கள் பாடியது பாதி ஆலயத்துக்குக் கூடக் கேட்கவில்லை. இப்படியே போனால் குழுவைக் கலைத்துவிட வேண்டியதுதான் என்று போதகர் அறிவிப்பு வேளையில் வருத்தப்பட்டார். அப்போதுதான் வாசல் பக்கம் கடைசி வரிசையில் நீங்கள் எழுந்தீர்கள்.

"ஐயா, ஆளு வேணும்னா நான் கூட்டியாறேன். பாட்டு மட்டும் யாராச்சும் சொல்லிக் குடுங்க."

முன்வரிசையில் யாரோ சிரித்தார்கள். நீங்கள் யார் என்று பக்கத்தில் கேட்டேன். "ஏலக்காட்டுக்கு ஆள் சேர்த்துப் போற மதினி" என்றார் ஸ்டெல்லா அக்கா. ஊரே உங்களை மதினி என்றுதான் கூப்பிட்டது. நானும் அப்படியே பழகிவிட்டேன்.

உங்கள் பிழைப்பே ஆள் கூட்டுவதுதான். விடியும் முன்னே தெருத் தெருவாக நடந்து பெண்களைச் சேர்த்து ஜீப்பில் ஏற்றி, கம்பம்மெட்டு வழியாகக் கேரளத்து ஏலத் தோட்டங்களுக்குக் கொண்டு போவீர்கள். எந்த வீட்டில் பிள்ளைக்குக் காய்ச்சல், எவள் புருஷனோடு கோபித்துக்கொண்டு அம்மா வீட்டுக்குப் போயிருக்கிறாள் என்பதெல்லாம் தெரிந்திருந்தால்தான் ஜீப் நிறையும். அந்தச் சாமர்த்தியத்தை அப்படியே ஆலயத்துக்குக் கொண்டு வந்தீர்கள். அடுத்த ஞாயிறு ஆராதனை முடிந்ததும், வாய் திறக்கவே கூச்சப்படும் ஒரு பெண்கள் கூட்டம் என் கீபோர்டைச் சுற்றி நின்றது. நான் எந்தப் பாட்டிலிருந்து தொடங்கலாம் என்று யோசித்துக்கொண்டிருந்தேன். நீங்கள் கேட்டது வேறு.

"டீச்சர், இவளுக முன்னால நின்னு பாடுற நேரம் புள்ளைகள யாரு வச்சுக்குவா?"

பதிலையும் நீங்களே சொல்லிவிட்டீர்கள். "சரி, அத நான் பாத்துக்கிறேன். எனக்குத்தான் பாட வராதே."

உண்மையிலேயே உங்களுக்குப் பாட வராது மதினி. எல்லோரும் அடியை முடித்த பிறகு உங்கள் குரல் மட்டும் கரகரவென்று தனியாக வந்து சேரும். முன்னால் இருப்பவர்கள் திரும்பிப் பார்ப்பார்கள். "என் சத்தத்தக் கேட்டா கர்த்தரே காதப் பொத்திக்குவாரு" என்று நீங்களே சொல்லிச் சிரிப்பீர்கள். கடைசி வரிசையில், மடியில் ஒன்று, தோளில் ஒன்று, காலைக் கட்டிக்கொண்டு ஒன்று என்று பிள்ளைகளோடு உட்கார்ந்திருப்பீர்கள். முன்னால் நின்று பாடுகிறவர்களின் கண் அடிக்கடி அங்கே போய்த் திரும்பும்.

ஆள் வந்தாயிற்று, பாடிப் பழக நேரம் இல்லை. இருட்டுவதற்கு முன் யாரும் வீடு திரும்புவதில்லை. வந்தால் சமையல், பிறகு தூக்கம். "மலை ஏறுற நேரம் பூரா சும்மாதான உக்காந்து போறோம்? சனிக்கிழம உங்களுக்கு லீவுதான? வண்டியில ஏறுங்க" என்றீர்கள். அப்படித்தான் சுருதிக்குச் செல்போனை வைத்துக்கொண்டு உங்கள் ஜீப்பில் ஏறினேன். இஞ்சின் சத்தத்தில் சுருதி கேட்காது. வளைவு வரும்போது ஒருவர் மேல் ஒருவர் சரிந்து பாட்டு பாதியில் நிற்கும். பிறகு ஒருத்தி விட்ட இடத்திலிருந்து எடுப்பாள். டிரைவர் காசிம் அண்ணன் எல்லாப் பாட்டையும் கேட்டுக் கேட்டுப் பாடமாக்கிவிட்டார். "ரெண்டாவது அடிய இழுக்குறீக. போன வாரம் நல்லாத்தான இருந்துச்சு" என்று ஸ்டியரிங்கைப் பிடித்தபடியே சொல்வார்.

அவர்கள் காய் பறிக்கப் போனதும், நான் தோட்டத்துக் கொட்டகையில் உட்கார்ந்து விடைத்தாள் திருத்துவேன். சாயங்காலம் இறங்கும்போது மறுபடி பாட்டு. களைத்துப்போன குரல்கள் ஒன்றை ஒன்று முந்தாமல், மெதுவாக, ஒரே குரல் மாதிரி சேர்ந்து வரும். அதைப் போல ஒரு பாட்டை நான் எந்தப் பெரிய ஆலயத்திலும் கேட்டதில்லை.

எல்லோருக்கும் அது பிடிக்கவில்லை. "ஏலக்காட்டுச் சேலையோட வந்து முன்னால நிக்கிறதா? எங்கம்மா நின்ன இடம் அது" என்று சொல்லிவிட்டு ஸ்டெல்லா அக்கா தங்கையையும் கூட்டிக்கொண்டு குழுவை விட்டு விலகினார். சேலை மட்டும் காரணமில்லை, வேறு எது காரணம் என்பது ஊரில் எல்லோருக்கும் தெரியும், உங்களுக்கும் தெரியும். அதைப் பற்றி நீங்கள் ஒரு வார்த்தை பேசவில்லை. எல்லோருக்கும் ஒரே மாதிரி வெள்ளை அங்கி தைக்க வேண்டும் என்று கமிட்டியில் கேட்டு வாங்கினீர்கள். பிறகு என்னையும் இழுத்துக்கொண்டு ஸ்டெல்லா அக்கா வீட்டுக்குப் போனீர்கள். எனக்கு யார் வீட்டுக் கதவையும் தட்டப் பிடிக்காது. "போன் பண்ணிக் கேட்டுருவோமே மதினி" என்றேன்.

"போன்ல எல்லாரும் நல்லாருக்கேன்னுதான் சொல்வாக டீச்சர்."

ஸ்டெல்லா அக்கா வாசல் கேட்டைத் திறக்காமல் உள்ளே நின்றபடியே பேசினார். நீங்கள் வெளியே நின்றபடியே, நடக்க முடியாமல் இருந்த அவருடைய அம்மாவை நலம் விசாரித்துவிட்டு வந்தீர்கள். அடுத்த மாதமும் போனீர்கள். அதற்கடுத்த மாதமும். திரும்பும் வழியில் எனக்குத்தான் அவமானமாக இருக்கும். உங்கள் முகத்தில் ஒன்றும் தெரியாது.

ஒரு நாள் விடிகாலையில் அந்த அம்மா குளியலறையில் விழுந்துவிட்டார். மகன் பெங்களூரில். ஆம்புலன்ஸ் வரத் தாமதமானது. தெருமுனையில் நின்ற உங்கள் ஜீப்பிலிருந்து எல்லோரையும் இறக்கிவிட்டு, அந்த அம்மாவைத் தூக்கிப் படுக்க வைத்துத் தேனிக்குக் கொண்டு போனீர்கள். அன்று ஜீப்பில் யாரும் வேலைக்குப் போகவில்லை. அம்மா பிழைத்து வீட்டுக்கு வந்த பின் ஒரு ஞாயிறு, ஸ்டெல்லா அக்கா வரிசையின் ஓரத்தில் வந்து நின்று பாடினார். மன்னிப்பு, கட்டியணைப்பு எதுவும் இல்லை. நீங்கள் கடைசி வரிசையில் ஒரு பிள்ளைக்கு மூக்கைத் துடைத்துவிட்டுக்கொண்டிருந்தீர்கள்.

உங்கள் இருமல் அதற்கும் முன்பே இருந்தது. தோட்டத்தில் மருந்தடிக்கிற நாட்களில் கூடும். பனி என்றீர்கள், தூசி என்றீர்கள். போன வருடம் ஈஸ்டருக்கு முந்தைய தபசு காலம் தொடங்கியபோது உங்களால் நாலு வீடு நடக்க முடியவில்லை. தேனி பெரியாஸ்பத்திரியில் சேர்த்தோம். நுரையீரலில் மிச்சம் கொஞ்சம்தான் என்றார் டாக்டர்.

பெண்கள் முறை வைத்து உங்கள் பக்கத்தில் இருந்தார்கள். உங்களுக்கு அது பொறுக்கவில்லை. "காட்டு வேலைய விட்டுட்டு இங்கன வந்து குந்தாதீக" என்று மூச்சு வாங்க வாங்கத் திட்டினீர்கள். ஒரு திங்கட்கிழமை நான் பள்ளி முடிந்து பஸ் பிடித்து வந்தேன். ஆக்சிஜன் மாஸ்க்கைக் கையால் இறக்கிவிட்டு நீங்கள் கேட்ட முதல் கேள்வி:

"நேத்து பாட எத்தன பேரு வந்தாக?"

"நாலு பேரு மதினி."

"மத்தவளுகளுக்கு என்னன்னு பாத்தீகளா?"

அன்றைய முறைக்கு வந்து உங்கள் கால்மாட்டில் உட்கார்ந்திருந்த பரிமளா குனிந்தபடி சொன்னாள். "இங்க வந்த நாளுக்கு ஈடு கட்டணும்ல மதினி. ஞாயித்துக்கெழமையும் வேலை குடுக்குறாக. அதான் போயிட்டோம்."

நீங்கள் சேர்த்த கூட்டம் உங்களுக்காகவே ஆலயத்துக்கு வராமல் போயிருந்தது. நீங்கள் மாஸ்க்கைத் திரும்ப மாட்டிக்கொண்டு சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்தீர்கள். உங்கள் தோள் குலுங்கியது. முதலில் இருமல் என்று நினைத்து நர்ஸைக் கூப்பிடப் போனேன். பரிமளா என் கையைப் பிடித்து நிறுத்தினாள். எத்தனையோ வீடுகளில் எத்தனையோ பேர் உங்கள் முன்னால் அழுது பார்த்திருக்கிறேன். நீங்கள் அழுது பார்த்தது அன்றைக்கு மட்டும்தான்.

ஈஸ்டர் முடிந்த வாரம் நீங்கள் போய்விட்டீர்கள்.

அடக்க ஆராதனைக்கு எல்லோரும் வந்தார்கள். அன்று மலைக்கு ஜீப் போகவில்லை. காசிம் அண்ணன் வண்டியை ஆலயத்துக்கு வெளியே நிறுத்திவிட்டு, தலையில் துண்டைப் போட்டுக்கொண்டு படியில் உட்கார்ந்திருந்தார். பெண்கள் அங்கி உடுத்தி வரிசையாக நின்றார்கள். நான் சுருதி கொடுத்தேன். முதல் அடியைத் தொடங்கியதும் கடைசி வரிசையில் ஒரு பிள்ளை அழுதது. அடுத்து இன்னொன்று. வழக்கமாக உட்கார வைக்கிற இடத்தில்தான் அவர்களை உட்கார வைத்திருந்தோம். உங்கள் மடிதான் அங்கே இல்லை. பிள்ளைகள் ஒவ்வொன்றாக எழுந்து, நடுப்பாதையில் உங்கள் பெட்டியைச் சுற்றிக்கொண்டு ஓடிவந்து, அம்மாக்களின் அங்கியைப் பிடித்துக்கொண்டன. கமிட்டிக்காரர் ஒருவர் விலக்கப் போனார். போதகர் வேண்டாம் என்று தலையசைத்தார். பெண்கள் பிள்ளைகளைத் தூக்கி இடுப்பில் வைத்துக்கொண்டு பாடினார்கள். பரிமளாவுக்குப் பாட வரவில்லை, அழுகைதான் வந்தது. அவள் மகளைத் தூக்கித் தோளில் போட்டுக்கொண்டு ஸ்டெல்லா அக்கா பாடினார். திராட்சைத் தோட்டங்களைத் தாண்டிக் கல்லறைத் தோட்டம் போய்ச் சேரும்வரை அவர் அந்தப் பிள்ளையை இறக்கிவிடவில்லை.

இதோடு முடித்துவிட்டால் நன்றாக இருக்கும் மதினி. ஆனால் நடந்ததைத்தான் உங்களுக்குச் சொல்ல வேண்டும். ஸ்டெல்லா அக்கா அம்மாவோடு பெங்களூருக்கே போய்விட்டார். இரண்டு பெண்கள் திருப்பூருக்கு வேலைக்குப் போனார்கள். ஜீப்புக்கு இப்போது வேறு ஒருவர் ஆள் சேர்க்கிறார். அவர் பாட்டு வேண்டாம் என்கிறார், தலை வலிக்கிறதாம். கமிட்டியில் பெரிய திரையும் ஸ்பீக்கரும் வாங்கி வைத்தார்கள். பதிவு செய்த இசைக்கு எல்லோரும் உட்கார்ந்த இடத்திலிருந்தே பாடுகிறோம். பாடகர் குழு விசேஷ நாட்களுக்கு மட்டும். யாரும் யாரையும் விரட்டவில்லை. ஆனால் உங்கள் பெண்கள் ஒவ்வொருவராகப் பின் வரிசைக்குப் போய், பிறகு வாசலுக்குப் போய், பிறகு வராமலே போனார்கள்.

"நீங்க போய்க் கூப்பிட்டா வருவாங்க டீச்சர்" என்றார் போதகர். போன சனிக்கிழமை தனியாகப் பரிமளா வீட்டுக்குப் போனேன். கதவைத் தட்டுவதற்கு முன் தெருவில் இரண்டு முறை நடந்தேன். அவள் பாய் விரித்தாள், தண்ணீர் கொடுத்தாள். நான் வந்த காரணம் அவளுக்குத் தெரிந்திருந்தது.

"மதினி கூப்பிட்டாகன்னுதான் வந்தேன் டீச்சர். சாமிக்காக வந்தேன்னு பொய் சொல்ல மாட்டேன். அம்புட்டுப் பேரு இருக்குற கோயில்ல, நான் ஒரு வாரம் வரலன்னா தேடி வந்தது அவுக ஒருத்திதான்."

"நானும் அவுக கூட வந்தேனே பரிமளா."

"வந்தீக. வாசல்லயே நின்னீக."

கோபமாகச் சொல்லவில்லை. உள்ளதைச் சொன்னாள். எழுந்து வந்துவிடலாம் என்றுதான் தோன்றியது. நீங்கள் இருந்தால் எழுந்திருக்க மாட்டீர்கள் என்று நினைத்து உட்கார்ந்தே இருந்தேன். அவள் மகள் வந்து என் செல்போனை வாங்கி, முகத்துக்கு ஒட்டினாற்போல வைத்துக்கொண்டு பார்த்தாள்.

"எப்பவும் இப்பிடித்தான் பாக்குறாளா?" என்று கேட்டேன்.

"போர்டுல எழுதுறது தெரியலங்குறா. தேனிக்குக் கூட்டிப் போகணும். ஒரு நாள் வேல போயிரும்."

செவ்வாய்க்கிழமை நான் கூட்டிப் போகிறேன் என்றேன். பரிமளா கண்ணைத் துடைத்துக்கொண்டு அடுப்பைப் பற்ற வைக்கப் போனாள். காபி வரும்வரை இருந்து, குடித்துவிட்டு, இருட்டிய பிறகு வந்தேன்.

உங்களைப் போல எனக்கு ஆள் கூட்ட வராது மதினி. குருத்தோலை ஞாயிறன்று முன்னால் நின்று பாட எத்தனை பேர் வருவார்கள் என்று தெரியாது. பரிமளா வருவாள் என்று எனக்கு நம்பிக்கை இல்லை. ஆனால் இன்னும் போக வேண்டிய வீடுகள் இருக்கின்றன. சாயங்காலம் ஆனால் ஒவ்வொரு தெருவாக மனதில் வந்துகொண்டே இருக்கிறது, வீட்டில் சும்மா உட்கார முடியவில்லை.

செவ்வாய்க்கிழமைக்கு விடுப்பு எழுதிக் கொடுத்துவிட்டேன்.