நாலாவது சீர்

என்னங்க,

இதை உங்கள் லேப்டாப் பையில், டிபன் டப்பாவுக்கு அடியில் வைக்கிறேன். நேரில் சொல்ல வாய் வரவில்லை.

தமிழ்ச் சங்க மலருக்கு நான் எழுதிய வெண்பாவை, ஆபீஸில் கோட் ரிவ்யூ செய்வதுபோல வரிவரியாகப் பார்த்து என் நோட்டிலேயே பென்சிலில் குறித்து வைத்திருக்கிறீர்கள். எதுகைக்கு நாலு டிக். அதற்குக் கீழே, “‘உறங்கு’ மூணு தடவை வருது. அல்சூர் ஏரியை யாராவது இத்தனை தடவை தூங்கச் சொல்வாங்களா?”

ஏரியைப் பற்றியது என்று உங்களிடம் பொய்தான் சொல்லியிருந்தேன்.

அடுத்த குறிப்பு: “மூணு அடியில நாலு நாலு சீர். கடைசி அடியில மூணுதான். ஒண்ணு விட்டுப்போச்சு.” சிரித்துவிட்டேன். வெண்பாவுக்குக் கடைசி அடி மூன்று சீர்தான், அதுதான் இலக்கணம். இதுகூடத் தெரியாமல் திருத்த வந்துவிட்டாரே என்று நோட்டை மூடப் போனேன். அப்போதுதான் அந்த அடியின் முடிவில் நீங்கள் சின்னதாக எழுதியிருந்ததைப் பார்த்தேன்.

இளவேனில்.

ஆஸ்பத்திரியிலிருந்து வெறுங்கையோடு வந்து இரண்டு வருஷமாகிறது. மகளுக்கென்று நாம் தேர்ந்தெடுத்து வைத்த பெயரை இந்த வீட்டில் ஒருவரும் சொன்னதில்லை. நீங்கள் மறந்துவிட்டீர்கள் என்றுகூட நினைத்திருந்தேன். மன்னித்துவிடுங்கள். இதற்கு எப்படி நன்றி சொல்வதென்றும் தெரியவில்லை.

நாலு சீரோடுதான் மலருக்கு அனுப்பியிருக்கிறேன். இலக்கணப் பிழை என்று திருப்பி அனுப்புவார்கள். அனுப்பட்டும். மலருக்கு அனுப்பும் முன் ஒருமுறை வாய்விட்டுப் படித்தேன். எனக்கு எங்கேயும் இடறவில்லை.

இப்படிக்கு,
அவளுடைய அம்மா