பதினைந்து நிமிடம் நின்ற ரோப்கார்

அன்பு மகனுக்கு,

அப்பா எழுதிக்கொள்வது. நானும் அம்மாவும் உன் தங்கையும் உடம்புக்கு ஒரு குறையும் இல்லாமல் இருக்கிறோம், நீயும் வேளாவேளைக்குச் சாப்பிட்டுத் தூங்கி நல்லபடியாக இருப்பாய் என்று நம்பிக்கொண்டு இதைத் தொடங்குகிறேன். அம்மாவின் முழங்கால் வலி பரவாயில்லை, படி ஏறும்போது மட்டும் என்னைத் திட்டிக்கொண்டே ஏறுகிறாள், திட்டினால் வலி தெரியவில்லையாம். கூரைத் தகரம் மாற்றியாகிவிட்டது. போனில் பேசினால் நீ ம் ம் என்கிறாய், நான் சரி சரி என்கிறேன், அதற்குள் அம்மா பிடுங்கிக்கொள்கிறாள். அதனால்தான் இந்தச் சங்கதியை எழுதியே விடலாம் என்று உட்கார்ந்தேன். உன் தங்கை உன்னிடம் சொல்லியிருக்க மாட்டாள்.

ரோப்கார் மேல் நிலையத்தில் பயணிகள் காத்திருக்கும் கூடம் உனக்குத் தெரியும், என் என்ஜின் அறைக்கு அடுத்தது, நடுவில் ஒரு பலகைச் சுவர்தான். போன வருஷத்திலிருந்து ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் அதை ஊர்ப் பிள்ளைகள் பாடவும் வாசிக்கவும் விட்டிருக்கிறார்கள். எலி வளையானாலும் தனி வளை என்று அதுகள் அந்தக் கூடத்தைப் பிடித்துக்கொண்டு விட்டன. முதல் வாரம் கேட்க வந்தது ஏழு பேர், அதில் மூன்று பேர் மழைக்கு ஒதுங்கியவர்கள். இப்போது பாட்டுக் கேட்கவே கீழேயிருந்து டிக்கெட் எடுத்துக்கொண்டு மேலே வருகிறார்கள். ஒரே ஒரு சட்டம் வைத்திருக்கிறார்கள், சினிமாப் பாட்டு எத்தனை வேண்டுமானாலும் பாடலாம், ஆனால் பாட வருகிற ஒவ்வொரு கோஷ்டியும் ஒரு பாட்டாவது தாங்களே கட்டியதாகப் பாட வேண்டும். தச்சுப் பட்டறை அண்ணன் தம்பி இருவரும் ரம்பம் தீட்டுவதைப் பற்றி ஒன்று பாடுகிறார்கள், சிரித்துச் சிரித்து வயிறு வலித்துவிட்டது. உன் தங்கை கோஷ்டியில் நான்கு பேர். தபால் கொண்டுவரும் பெண் பாடுகிறாள் (இந்தக் கடிதத்தையும் அவள்தான் எடுத்துப்போவாள்), எலக்ட்ரீஷியன் பையன் கிட்டார், அவனை எல்லோரும் ஃபியூஸ் என்றுதான் கூப்பிடுகிறார்கள், சுகாதார நிலையத்து நர்ஸ் பேஸ் கிட்டார், நம் வீட்டு மகராசி டிரம். பகலெல்லாம் பால் நிலையத்தில் பால் சோதிக்கிறவள் அங்கேயே கேனில் தட்டித் தட்டிப் பழகியிருக்கிறாள், நமக்குத்தான் தெரியவில்லை. அம்மா கேட்டதும், பொம்பளப்புள்ள இப்படி அடிச்சா கை என்னத்துக்கு ஆகும் என்றாள், பிறகு அவளே கைக்குத் தேய்க்கத் தைலம் வாங்கிக்கொண்டு வந்தாள்.

எனக்குப் பாட்டைப் பற்றி என்ன தெரியும், கழுதைக்குத் தெரியுமா கற்பூர வாசனை என்று நீயே சொல்வாய். ஆனால் பலகைச் சுவருக்கு இந்தப் பக்கம் உட்கார்ந்து வாராவாரம் கேட்கக் கேட்க எனக்குச் சந்தேகம் மேல் சந்தேகம். நான்கு பேரும் ஒரே நொடியில் எப்படி நிறுத்துகிறார்கள்? எங்கள் வேலையில் நிறுத்தவும் மணி, கிளம்பவும் மணி, இவர்களுக்கு யார் மணி அடிக்கிறார்கள்? போய்க் கேட்டேன். நர்ஸ் சிரித்துக்கொண்டே, உங்க பொண்ணு தோளத்தான் அங்கிள் பாத்துக்கிட்டே இருப்போம், அது இறங்குனா பாட்டு முடிஞ்சுது என்றாள். அந்த நர்ஸ் வாசிப்பது தனியாகக் கேட்டால் ஒன்றுமே இல்லாத மாதிரி இருக்கும், அவள் நிறுத்தினால்தான் தெரியும், வீட்டில் ஒரு சுவரை எடுத்துவிட்ட மாதிரி ஆகிவிடும். இப்படி ஒவ்வொன்றாகக் கேட்டுக் கேட்டு, ஃபியூஸ் என்னைக் கண்டாலே கிட்டாரை உறையில் போட ஆரம்பித்துவிட்டான்.

இனிமேல்தான் விஷயம். பனியைப் பற்றி அவர்கள் ஒரு பாட்டுக் கட்டினார்கள், அதில் ஒரு இடத்தில் இரும்புச் சத்தம் ஒன்று வேண்டும், டிரம்மோடு இருக்கிற தட்டு போதவில்லை என்று தங்கை சொல்லிக்கொண்டிருந்தாள். எனக்கு உடனே மூளை வேலை செய்தது. பிளாட்பாரத்தில் சிக்னல் மணியாகத் தொங்குகிறதே தண்டவாளத் துண்டு, அதை மாட்டும்போது நீளமான ஒன்றை வெல்டர் சரிபாதியாக வெட்டினார், ஒரு பாதி அங்கே தொங்குகிறது, மறுபாதி ஸ்டோரில் சாக்குக்கு அடியில் கிடந்தது. யாரையும் கேட்காமல் எடுத்துக் கொடுத்துவிட்டேன். முப்பத்தொரு வருஷ சர்வீஸில் ஒரு திருகாணிகூட வெளியே கொடுத்ததில்லை, மகள் முகம் மலர்ந்ததும் எல்லாம் மறந்துவிட்டது.

போன மாதம் மூன்றாம் ஞாயிறு, நாலு மணி, பனி இறங்கி ஜன்னலுக்கு வெளியே ஒன்றுமே தெரியவில்லை. பதினோரு பேரோடு வண்டி பாதி வழியில் வந்துகொண்டிருக்கிறது. டங் என்று ஒரு அடி. ஒரு அடி என்றால் நிறுத்து, இரண்டு என்றால் கிளம்பு, இது எனக்குத் தூக்கத்திலும் தெரியும். நிறுத்திவிட்டேன். நிறுத்தினால் பிளாட்பாரத்தில் மணி அடிக்கிற ஆள் நேரில் வந்து காரணம் சொல்லாமல் கிளப்பக் கூடாது என்பது சட்டம். அவரோ மணி அடிக்கவே இல்லை, அவர் அடிக்காமல் வண்டி நின்றால் என்ஜினில் கோளாறு, ஆபரேட்டர் வந்து சொல்லும்வரை இடத்தை விட்டு நகரக் கூடாது என்பது அவருக்குச் சட்டம். அவர் வருவார் என்று நானும் நான் வருவேன் என்று அவரும் பதினைந்து நிமிடம் உட்கார்ந்திருந்தோம். ஈர நாளில் போன் இரைச்சல்தான், உனக்குத் தெரியும். கடைசியில் கீழ் நிலையத்திலிருந்து ஓர் ஆள் படி ஏறி மூச்சு வாங்க வந்து, ஏன்யா ஆளுங்கள அந்தரத்துல தொங்க விட்டிருக்கீங்க என்று கத்தினபோதுதான் இருவரும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்தோம். நான் கேட்ட அடி கூடத்துக்குள் தங்கை அடித்தது என்று பிறகுதான் புரிந்தது. யாருக்கும் ஒன்றும் ஆகவில்லை. இறங்கிய தலைமை ஆசிரியை, பனிக்குள்ள எங்கிருந்தோ பாட்டு வந்துச்சு, யாரு பாடினது என்றுதான் கேட்டார். ஆனால் கூட வந்த கான்ட்ராக்டர் ஒருவர் புகார் எழுதிவிட்டார்.

மறுநாளே கூடத்தைப் பூட்டினார்கள். விசாரணை முடிந்து, பிள்ளைகள் நிலையச் சாமானை எடுத்து விளையாடியது உறுதியானால் இனி அங்கே பாட்டே கிடையாது என்று சொல்லிவிட்டார்கள். எனக்கு ஓய்வுக்கு இன்னும் ஐந்து மாதம். தங்கை அழவில்லை, டிரம் குச்சி இரண்டையும் அலமாரியில் வைத்துவிட்டு என்னிடம் வந்து, அப்பா, நான்தான் கேக்காம எடுத்தேன்னு சொல்லிடறேன், இத்தன வருஷ பேரு உங்களுக்குக் கெட வேணாம் என்றாள். உன்னிடம் மறைப்பானேன், ஒரு நாள் முழுக்க அந்த யோசனை எனக்கு இனிப்பாகத்தான் இருந்தது. வேறு இடம் பார்த்துக்கொள்வார்கள், சின்ன வயசு, என்று எனக்கு நானே சமாதானம் சொல்லிப் பார்த்தேன். அம்மாதான் தட்டை வைத்தபடி, அவ பொய் சொல்லி நீங்க தப்பிச்சா அந்தச் சோறு உங்களுக்கு இறங்குமா என்று கேட்டுவிட்டு உள்ளே போய்விட்டாள். அன்றைக்கு எனக்கு இறங்கவில்லை.

பாதுகாப்பு அதிகாரி வந்தார், இளவயதுக்காரர், பொறுமைசாலி. என்னைச் சுவர் பக்கம் திரும்பி நிற்கச் சொல்லி இரண்டு இரும்பையும் மாற்றி மாற்றி அடிக்கச் சொன்னார். எது பிளாட்பாரம், எது டிரம் என்று பத்துத் தடவையில் ஆறு தடவை தப்பாகச் சொன்னேன். நீளம் ஒன்றானால் சத்தமும் ஒன்றுதான் என்று ஃபியூஸ் சொன்னான், ஒன்றில் நான்கு விரல் அளவு குறைத்து வெட்டியிருந்தால் வேறு மாதிரி கேட்டிருக்குமாம். இதை முன்னாலேயே அவனிடம் கேட்டிருக்கலாம், ஊரில் உள்ள சந்தேகமெல்லாம் கேட்ட எனக்கு இது தோன்றவில்லை. யார் எடுத்தது என்று அதிகாரி கேட்டார். தங்கை வாயைத் திறப்பதற்குள், நான்தான் எடுத்துக் கொடுத்தேன், பிள்ளைங்களுக்கு ஒண்ணும் தெரியாது என்று சொல்லிவிட்டேன். அவர் பேனாவை வைத்துவிட்டு, ஏன் கொடுத்தீங்க என்றார். என்ன சத்தம் வருதுன்னு பாக்க ஆசையா இருந்துச்சு சார் என்றேன்.

இரும்பு ஸ்டோருக்குத் திரும்பிவிட்டது, கூடத்தைத் திறந்துவிட்டார்கள். என் சர்வீஸ் புத்தகத்தில் ஒரு கறுப்பு வரி, மிச்ச மாதங்களுக்கு என்ஜின் பக்கம் போகக் கூடாது, மேல் நிலையத்து டிக்கெட் கவுண்டரில் உட்கார வேண்டும். என் கையில் ஓடிய வண்டியை இன்னொருவன் ஓட்டுவதைப் பார்த்துக்கொண்டே முதல் நாள் இரண்டு பேருக்குச் சில்லறையைத் தப்பாகக் கொடுத்துவிட்டேன், மறைக்க மாட்டேன். ஆனால் தவறு என்னுடையது, தண்டனையும் எனக்குத்தான் வர வேண்டும்.

போன ஞாயிறு அவர்கள் மறுபடி வாசித்தார்கள். ஷட்டரை இழுத்துவிட்டு, வரிசையில் நின்றவர்கள் முணுமுணுக்க, கூடத்துக்குள் போய்க் கடைசியில் நின்றேன். இத்தனை நாள் பலகைச் சுவருக்கு இந்தப் பக்கமிருந்து காதால் கேட்டேனே தவிர, அவள் வாசிப்பதைக் கண்ணால் பார்த்ததில்லை. மகனே, இருபத்துமூன்று வருஷமாக ஒரே வீட்டில் இருக்கிறோம், அவள் கோபம், காய்ச்சல், பொய் எல்லா முகமும் எனக்குத் தெரியும் என்று நினைத்திருந்தேன். அன்று பார்த்த முகத்தை நான் அதற்கு முன் பார்த்ததே இல்லை. தானாடாவிட்டாலும் தன் சதை ஆடும் என்பார்கள், எனக்குக் கண்ணே நிறைந்துவிட்டது.

அப்போதுதான் உன் நினைவு வந்தது. பத்தாவது முடித்த வருஷம் கடைக் கண்ணாடிக்குள் இருந்த கீபோர்டு ஒன்றைக் காட்டி நீ என் கையை இழுத்தாய். எதுக்குடா என்றேன், அதோடு நீ வாயை மூடிக்கொண்டாய், இன்றுவரை அதைப் பற்றிப் பேசவே இல்லை. ஊராரிடமெல்லாம் கேட்கிறவன் பெற்ற பிள்ளையிடம் கேட்கவில்லை. இப்போது கேட்கிறேன், வாங்கிக் கொடுத்திருந்தால் முதலில் என்ன வாசித்திருப்பாய்? தெரியாது, மறந்துவிட்டது என்று மட்டும் எழுதாதே.

குளிருக்குக் காதை மூடிக்கொண்டு வேலைக்குப் போ. மேலதிகாரியிடம் வாய் கொடுக்காதே, அது என் பழக்கம், உனக்கு வேண்டாம். தொட்டதெல்லாம் துலங்கி, நோய்நொடி இல்லாமல் நீ நன்றாக இருக்க நானும் அம்மாவும் மனதார வாழ்த்துகிறோம். போனில் சொல்லாதே, அம்மா பிடுங்கிக்கொள்வாள். கடிதமாகவே எழுது.

இப்படிக்கு,
உன் பதிலுக்குக் காத்திருக்கும்
அப்பா