ஐந்தாம் இலக்கக்காரிக்கு

ஃபர்வானியா, குவைத்.
வெள்ளிக்கிழமை, பகல்.

என் மகள் துஷானிக்கு,

நீயும் விஜி சித்தியும் நோய் நொடி இல்லாமல் இருக்க வேண்டும் என்று நேர்ந்துகொண்டு அம்மா எழுதுகிறேன். நான் சுகம். படி ஏறும்போது மட்டும் முழங்கால் முறைப்பாடு சொல்கிறது. மேடம் வீட்டில் மூன்று மாடி, அதனால் முறைப்பாட்டுக்குக் குறைவில்லை.

மூன்று கிழமையாக உனக்குப் போன் எடுத்து எடுத்துக் களைத்துப்போனேன். அனுப்பிய குரல் செய்தி எல்லாம் நீ கேட்காமலே கிடக்கிறது. இங்கே பிள்ளை பார்க்கிற மதீனா பீவி இன்றைக்கு லீவில் புத்தளத்துக்குப் போகிறா. கொழும்பில் இறங்கியதும் இதைத் தபாலில் போடுவதாகச் சொன்னா. அவ பெட்டி கட்டுகிற கட்டிலின் மறு ஓரத்தில் இருந்துதான் எழுதுகிறேன். கடுதாசி என்றால், கிழிக்கிறதுக்கு முதல் ஒரு வரியாவது உன் கண்ணில் படும்.

சித்தி எல்லாம் சொன்னா. பன்னிரண்டாம் திகதி தேசிய உதைபந்தாட்ட அணியின் பயிற்சி முகாம் தொடங்குகிறதாம். நீ வரமாட்டேன் என்று சொல்லிவிட்டாயாம். பயிற்சியாளர் இரண்டு தரம் கேட்டும் காரணம் சொல்லவில்லையாம். சப்பாத்தைச் சாக்கில் போட்டுக் கட்டி வைத்திருக்கிறாயாம். காரணம் உனக்கும் எனக்கும் மட்டும்தான் தெரியும். சித்திக்கு நானும் சொல்லவில்லை.

நீ இங்கே விளையாட வருகிறாய் என்று தெரிந்த நாளில் இருந்து எனக்கு நித்திரை சரியில்லை. நம் நாட்டுப் பெண்கள் அணியும் இந்த நாட்டுப் பெண்கள் அணியும் மோதும் என்று லுல்வாதான் வந்து சொன்னா. மேடத்தின் கடைசி மகள், உனக்குத் தெரியும்தானே. அவவும் இந்த நாட்டு அணியில் விளையாடுகிறா. என் மகளும் வருகிறா என்று நான் சொன்னதும் மேடம் கையைப் பிடித்துக்கொண்டு, நீயும் எங்களோடு வா, பக்கத்தில் இரு என்றா. விளையாட்டுக்கு முதல் நாள் முழுக்க நான் பயத்தம் உருண்டை பிடித்தேன். நீ ஓடி வருவாய், கட்டிப்பிடிப்பாய், நான் அழாமல் இருக்க வேண்டும் என்று அதைத்தான் நினைத்துக்கொண்டு இருந்தேன்.

நடந்தது உனக்குத் தெரியும். ஆனாலும் நான் எழுத வேண்டும். லுல்வாவின் பையைத் தூக்கிக்கொண்டு நான்தான் மைதானத்துக்குள் போனேன். அவ வாங்குப் பலகையில் குந்தி இருந்து காலை நீட்டினா. நான் கீழே முழங்கால் ஊன்றி இருந்து சப்பாத்து லேஸைக் கட்டினேன். அந்த நேரம் உங்கள் அணி உள்ளே வந்தது. உன் ஐந்தாம் இலக்கச் சட்டையைத் தேடித் தலையை நிமிர்த்தினேன். நீ கையைத் தூக்கிச் சிரித்துக்கொண்டு வந்தாய். பிறகு என் கை எங்கே இருக்கிறது என்று பார்த்தாய். உன் கை கீழே இறங்கினதை நான் கண்டேன்.

அந்தப் பிள்ளையில் பிழை இல்லை. ஆறு வயதில் இருந்து காலை நீட்டுகிறா, பதினெட்டிலும் நீட்டுகிறா. அடுப்பில் பால் பொங்கினால் கை தானாகப் போகுமே, அதுபோலப் போய்விட்டது. அன்றைக்கு ஒருநாள், நீயே கட்டு பிள்ளை என்று சொல்லியிருக்கலாம். சொன்னால் ஒன்றும் நடந்திருக்காது. அந்த எண்ணமே எனக்கு வரவில்லை, அதுதான் என் பிழை. வேலைக்காரி என்று நீ என்னை நினைத்து வெட்கப்பட்டாய் என்று முதலில் நினைத்து எனக்குக் கோபமும் வந்தது. இரண்டு நாள் யோசித்த பிறகுதான் அது வெட்கம் இல்லை என்று விளங்கியது.

விளையாட்டு எனக்கு விளங்காது. யாருக்குக் கை தட்டுவது என்று தெரியாமல் இரண்டு கையையும் மடியில் வைத்துக்கொண்டு இருந்தேன். இரண்டும் சின்ன நாடுகள்தானே, பார்க்க வந்த சனமும் ஒரு கல்யாண வீட்டுப் பந்திக்குக் காணாது. ஆனால் லுல்வா பந்தோடு தனியே ஓடி வர, நீ விழுந்து படுத்துக் காலால் தட்டிவிட்டாயே, அப்போது நான் எழும்பி நின்று கத்திவிட்டேன். சுற்றி இருந்தது முழுக்க அவர்களுடைய பெண்கள். மேடம் திரும்பிப் பார்த்துச் சிரித்தா. நீ மட்டும் பார்க்கவில்லை. புல்லைத் தட்டிக்கொண்டு எழும்பி ஓடிவிட்டாய்.

முடிந்த பிறகு பஸ்ஸடிக்கு வந்தேன். உன்னோடு விளையாடுகிற பிள்ளைகள் எல்லாரும் நின்றார்கள். உருண்டைப் பெட்டியை நீட்டினேன். நீ மரியாதையாக வாங்கி, யாரோ ஒரு மாமிக்குச் சொல்வதுபோல, தாங்க்ஸ் அன்ரி என்றாய். பஸ்ஸில் ஏறினாய். பிள்ளை, இந்தப் பன்னிரண்டு வருடத்தில் எத்தனையோ பேர் எனக்கு எத்தனையோ சொல்லியிருக்கிறார்கள். ஒன்றையும் நான் வீட்டுக்குக் கொண்டு போனதில்லை. இதைக் கொண்டு போனேன்.

அப்பா போன அடுத்த வருடம் நான் விமானம் ஏறினேன். உனக்கு ஏழு வயது. அப்போது நீ போட்டது ஒட்டுகிற பட்டி வைத்த சப்பாத்து, லேஸ் இல்லை. முதல் லீவில் நான் வந்தபோது உனக்கு ஒன்பது. பள்ளிக்கூடம் போக வெளிக்கிட்டு, வாசலில் குந்தி இருந்து, இரண்டு காலுக்கும் நீயே லேஸ் கட்டினாய். வடிவாகக் கட்டினாய். நான் பக்கத்தில் நின்று பார்த்தேன். யார் பழக்கினது என்று கேட்க வாயெடுத்தேன். தாய் கேட்கிற கேள்வியா அது என்று விட்டுவிட்டேன். லுல்வாவுக்கு எத்தனையாயிரம் தரம் கட்டியிருப்பேனோ, உனக்கு ஒரு தரமும் கட்டவில்லை. நீ அன்றைக்குக் கண்டது அதைத்தான்.

சித்திரையோடு ஒப்பந்தம் முடிகிறது. இனிப் புதுப்பிக்க வேண்டாம் என்று மேடத்திடம் சொல்லிவிட்டேன். முன்பும் இரண்டு தரம் இப்படிச் சொன்ன ஆள்தான், நீ நம்பாவிட்டால் நான் குறை சொல்ல மாட்டேன். லுல்வா இப்போது தானே கட்டிப் பழகுகிறா. மூன்று அடி நடக்க அவிழ்கிறது. அவிழட்டும் என்று நான் பேசாமல் இருக்கிறேன்.

கோபத்தை என்னோடு வைத்துக்கொள், மகள். பந்தோடு வைக்காதே. நான் இல்லாத வீட்டில் உன்னைச் சிரிக்க வைத்தது அந்த விளையாட்டு. சித்தி அனுப்பிய படங்களில் பந்து இல்லாத ஒன்றிலும் நீ பல் தெரியச் சிரித்ததை நான் காணவில்லை. சாக்கை அவிழ். பன்னிரண்டாம் திகதி கொழும்புக்குப் போ. முருகன் உன் காலுக்குத் துணை இருக்கட்டும்.

மதீனா பீவி பெட்டியைப் பூட்டப் போகிறா, முடிக்கச் சொல்கிறா. எனக்கு ஒரு வரி பதில் போடு. அன்ரி என்றே தொடங்கினாலும் பரவாயில்லை. உனக்கு லேஸ் கட்டப் பழக்கினது யார் என்று மட்டும் எழுது. நான் வந்ததும் அவரைத்தான் முதலில் போய்ப் பார்க்க வேண்டும்.

இப்படிக்கு,
அம்மா
சிவகொழுந்து