முழங்காலுக்கு மருத்துவர் சொன்னது

அன்பு மகளுக்கு,

முழங்காலுக்கு மருத்துவர் என்ன சொன்னார் என்று கேட்டிருந்தாய். உன் கடிதத்தில் மூன்று எழுத்துப்பிழைகள், அது இருக்கட்டும்.

"நடந்ததால தேயலம்மா. சின்ன வயசுல முட்டியில பலமா அடிபட்டுச்சா?" என்றார்.

கான்வென்ட்டில் கூடைப்பந்து ஆடும்போது விழுந்து, ஆறு வாரம் கட்டுப் போட்டிருந்ததைச் சொன்னேன். தேய்மானத்துக்குப் பெரும்பாலும் அதுதான் காரணமாம். நடைப்பயிற்சி நல்லதே செய்திருக்குமாம்.

நடந்தால் தேயும் என்று நானாக முடிவுகட்டி, உன் அப்பாவோடு காலையில் நடக்கப் போவதை நிறுத்தினேன். "உன் முட்டி என்ன கண்ணாடியா? வா, போலாம்" என்று ஒரு வாரம் கூப்பிட்டுப் பார்த்தார். பிறகு தனியாகவே போனார். பூங்காவில் அவர் விழுந்து வெகுநேரம் கழித்துத்தான் யாரோ பார்த்தார்கள். அதற்குள் உயிர் போயிருந்தது.

மருத்துவர் இப்போதும் நடக்கச் சொல்கிறார். செருப்பு எதுவும் வாங்கி அனுப்பாதே. நான் போகப் போவதில்லை.

அம்மா