கூழ் குடித்தது யார்

நகரி,
ஆடி 18

மகள் தேன்மொழிக்கு அம்மா எழுதுவது. இங்கே நானும் உன் நைனாவும் தறி மூன்றும் நலம், புனேயில் நீ வேளைக்குச் சாப்பிட்டு நலமாக இருக்கிறாயா. "கல்யாணம் தள்ளி வைக்கப்பட்டுள்ளது" என்று நீ அனுப்பிய ஒரு வரி போனில் வந்தது, அதற்கப்புறம் நீ போனே எடுக்கவில்லை, அதனால் பேப்பரில் எழுதுகிறேன், இதை கட் பண்ண முடியாது. அந்த வரிக்கு வருகிறேன், முதலில் உன் நைனா அடித்த கூத்தைக் கேள்.

இந்த வருஷம் ஆடிக் கூழ் ஊற்றும் கமிட்டிக்கு அவர்தான் செகரெட்டரி, அன்றிலிருந்து ஆபீஸ் காகிதம் மாதிரியே பேச்சு, வீட்டிலும் காபி குடிக்கப்பட்டது, சட்டை தேடப்படுகிறது என்கிறார். வெள்ளிக்கிழமை விடியலில் நம் தெரு கெங்கம்மன் கோயிலைத் திறக்கப் போனவர், ராத்திரியே உள்ளே வைத்துப் பூட்டியிருந்த படையல் பானைக் கூழைக் கருவாட்டோடு மொத்தமும் குடித்துவிட்டு, கதவைப் பூட்டி, பலகையில் "பூசைக்கு முன்பே கூழ் குடிக்கப்பட்டது, வேறு காய்ச்சவும்" என்று எழுதி வைத்தார். யார் குடித்தது என்று எழுதவில்லை. பக்கத்து வீட்டு இந்திராணி அதைப் படித்து, அம்மனே வந்து குட்சிட்டா என்று கற்பூரம் ஏற்றிவிட்டாள். சாவி இவர் இடுப்பில்தான், ஆனால் சர்க்கரை வியாதி என்று டாக்டர் இவரைக் கூழே தொடக்கூடாது என்று சொன்னது தெருவுக்கே தெரியும், அதனால் ஒருத்தருக்கும் சந்தேகம் வரவில்லை. நாராயணவனத்திலிருந்தெல்லாம் ஷேர் ஆட்டோவில் ஜனம். தினமும் ஒரு பானையை உள்ளே வைத்துப் பூட்டி, காலையில் அம்மன் குடித்தாளா என்று பார்க்கிறார்கள். குடிக்காவிட்டால் தெருவுக்கே ஆகாது என்பார்களே என்று பயந்து இந்த மனிதர் நாலு நாள் திருட்டுத்தனமாய்ப் போய்க் குடித்தார். ஐந்தாம் நாள் தலை சுற்றி உட்கார்ந்து என்னிடம் உண்மையைச் சொல்லிவிட்டார், நான்தான் இழுத்துப்போய்க் கோயில் முன்னால் நிறுத்தினேன். நான்தான் குட்சேன் என்று சொல்லிவிட்டார். யாரும் நம்பவில்லை, அம்மாதான் உங்க வாயால குட்சிக்கினு கீறா என்று இந்திராணி அவர் காலிலேயே விழுந்தாள். ஆனால் சொன்ன பிறகு அவர் முகம் தெளிந்துவிட்டது, மதியம் குறட்டை விட்டுத் தூங்கினார்.

இப்போது உன் வரி. தள்ளியது யார், மாப்பிள்ளை கிரண்குமாரா, அவன் வீட்டாரா, நீயா. நீ எழுதாததால் ஊர் எழுதிக்கொள்கிறது, ஒருத்தி ஜாதகம் என்கிறாள், ஒருத்தி வேறு பெண் என்கிறாள். திருப்பதி மண்டபத்துக்காரர் தினமும் போன் செய்கிறார், நான் என்ன சொல்ல. அவன் தள்ளினான் என்றால் வா, சேர்ந்து அழுவோம். நீ தள்ளினாய் என்றால் ஏன் என்று ஒரு வார்த்தை கேட்க மாட்டேன். ஆனால் யார் என்று எழுது.

கெங்கம்மா உன்னைக் காப்பாள், வெயிலில் மோர் குடி, பதில் போட மறக்காதே. உன் நைனா பக்கத்தில் உட்கார்ந்து, ஆசி வழங்கப்படுகிறது என்று எழுதச் சொன்னார், எழுதி அடித்துவிட்டேன். அடித்ததைப் பார்த்துவிட்டு, நீ கெளம்பி வந்துடும்மா, நான் கீறேன் என்று எழுதச் சொன்னார். அதை அடிக்கவில்லை.

இப்படிக்கு,
உன் அம்மா வெங்கடலட்சுமி