துவாயால் மூடிய இரண்டு பெட்டிகள்

என்ரை இஞ்சாருங்கோ,

நீங்கள் போய் எட்டு மாதமாகிறது. கிணற்று மோட்டர் உங்களைத் தேடி இரண்டு தரம் எரிந்துவிட்டது. என் முழங்கால் குத்து அப்படியே இருக்கிறது. கொடிகாமத்துத் தங்கச்சி ஒவ்வொரு கிழமையும் போன் எடுத்து, "ஞாயிற்றுக்கிழமை வந்து நில்லுங்கோ அக்கா" என்கிறாள். எப்படிப் போவது? ஞாயிறு நாலு மணிக்கு நான் அந்தக் கதிரையில் இருந்தாக வேண்டும்.

ஓம், அதே கதிரைதான். இரண்டு ஸ்பீக்கருக்கும் சரி நடுவில், நிலத்தில் சோக்கட்டியால் கோடு கீறி நீங்கள் வைத்த கதிரை. நீங்கள் போனதோடு அதுவும் முடிந்தது என்று நினைத்தேன், கோபிக்காதேங்கோ. கீரிமலையில் உங்கள் முப்பத்தோராம் நாள் அந்தியேட்டி முடிந்த அடுத்த ஞாயிறே உங்கள் கூட்டாளிகள் இரண்டு பேரும் வாசலில் நின்றார்கள். கனகு அண்ணை கையில் ஒரு சீப்பு வாழைப்பழம், தேவன் கையில் புதுப் பாட்டுகள். "தனிய இருக்கிறியள் அக்கா, நாங்கள் விடமாட்டம்" என்றான் தேவன். அன்பால் பூட்டினால் எந்தத் திறப்பால் திறப்பது? தேத்தண்ணி போட்டுக் கொடுத்தேன்.

கணினியில் இருக்கும் பாட்டை ஸ்பீக்கரில் கேட்கிற ஒலியாக மாற்றும் அந்தச் சின்னப் பெட்டியை நீங்கள் 'டாக்' என்பீர்கள். இருபது வருடத்தில் ஐந்து டாக் மாற்றினீர்கள். ஐந்து தரமும் தீர்ப்பு என்னுடையது. "எங்கடை கிழட்டுக் காதுக்கு மேல் சுருதி எட்டாதப்பா. உம்மடை காதுதான் காது. கேட்டுச் சொல்லும்" என்பீர்கள். எது புதிது, எது பழையது என்று எனக்குத் தெரியக்கூடாதாம். இரண்டையும் துவாயால் மூடிவிட்டு, பக்கத்தில் நின்று நீங்களே மாற்றி மாற்றிப் போடுவீர்கள்.

அதற்கு முதல் மல்ரிமீற்றர், மின்சாரம் அளக்கிற மீற்றர். அதன் முனைகளை ஸ்பீக்கர் கம்பியில் பிடிப்பது என் வேலை. இரண்டு பெட்டியின் சத்தமும் ஒரே அளவுக்கு வரும்வரை ஒரு பாட்டும் ஓடாது. கூடச் சத்தம் உள்ளது எப்போதும் நல்லதாகத்தான் கேட்கும், காது ஏமாந்துபோகும் என்பீர்கள். எவ்வளவு கவனம் உங்களுக்கு!

இப்போது சொல்லிவிடுகிறேன். எனக்கு ஒரு வித்தியாசமும் கேட்டதில்லை. ஐந்து தரமும் கேட்கவில்லை. தவில் தட்டு உறைக்கிறது, நாதஸ்வரத்தைச் சுற்றி வெளி தெரிகிறது என்றெல்லாம் அளந்தேனே, அத்தனையும் முந்தின ஞாயிறு நீங்கள் சொன்ன சொற்கள். பெட்டியைத் துவாயால் மூடினீர்கள், உங்கள் முகத்தை மூட மறந்துவிட்டீர்கள். புதுப் பெட்டிக்கு மாற்றும்போது உங்கள் தொண்டை முடிச்சு ஒருதரம் ஏறி இறங்கும். அதைப் பார்த்துத்தான் "ரெண்டாவது" என்பேன். "பாத்தீரே, நான் சொன்னனெல்லோ!" என்று நீங்கள் துள்ளுவீர்கள். அந்தத் துள்ளலுக்காக இன்னும் பத்துப் பொய் சொல்லியிருப்பேன்.

போன ஞாயிறு தேவன் புது டாக் ஒன்றோடு வந்தான். ஒரு கிழமை வைத்துக் கேட்டுவிட்டுப் பிடிக்காவிட்டால் திருப்பிக் கொடுக்கலாமாம். உங்கள் பழையதற்குப் பக்கத்தில் வைத்துக் கம்பி கொழுவினார்கள். துவாயைப் போட்டார்கள், மீற்றரை மறந்தார்கள். புதியது பாடத் தொடங்கியதும் கனகு அண்ணை தொடையில் அடித்தார்.

"ஐயோ, என்னடாப்பா இது! கோயில் வீதியிலை நிண்டு கேக்கிற மாதிரியெல்லோ கிடக்கு! பாலா இருந்து உதைக் கேட்டிருக்க வேணும்!"

எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. "அண்ணை, உது சும்மா சத்தம் கூட. அவர் இருந்தால் உங்களுக்கு நல்ல பேச்சு விழும்" என்று எழும்பிப்போய் அலுமாரியிலிருந்து மீற்றரை எடுத்தேன். ஒரே சீராக ஊதுகிற அந்தச் சோதனைச் சத்தத்தை ஓடவிட்டுக் கம்பியில் முனைகளைப் பிடித்தேன். புதியதில் சத்தம் கூடத்தான். குறைத்துச் சமப்படுத்திவிட்டு, தேவனை மாற்றி மாற்றிப் போடச் சொன்னேன். கனகு அண்ணை ஒருதரம் முதலாவது என்றார், அடுத்த தரம் இரண்டாவது என்றார். இரண்டு பேரும் என் முகத்தைப் பார்த்தார்கள்.

இருபது வருடம் நான் உங்களைப் பார்த்த பார்வை அது. மாற்றி மாற்றிப் போட்டுக்கொண்டு நீங்களும் என் முகத்தைத்தானே பார்த்து நின்றீர்கள்? உங்களுக்காவது ஏதாவது கேட்டதா?

"எனக்கு ஒரு வித்தியாசமும் தெரியேல்லை" என்றேன்.

"பிறகென்ன! தங்கச்சி, உமக்கே பிடிபடேல்லை எண்டால் ரெண்டும் ஒண்டுதான். தேவன், நாளைக்கே திருப்பிக் குடு" என்றார் கனகு அண்ணை.

"அப்பிடியில்லை அண்ணை. எனக்கு ஒருக்காலும் தெரிஞ்சதில்லை. இவ்வளவு காலமும் சும்மா சொன்னனான்."

"பாத்தியே தேவன்? உதுதான் பாலாவின்ரை மனுசி. என்ன தன்னடக்கம்!"

அவ்வளவுதான். பொய் சொன்னபோதும் அந்தக் கதிரை, உண்மையைச் சொன்னபோதும் அதே கதிரை. அக்காவின் காது தன்னை ஒரு வீண் செலவிலிருந்து காப்பாற்றியது என்று தேவன் கண்ட இடமெல்லாம் சொல்லித் திரிகிறான். வருகிற ஞாயிறு அளவெட்டியிலிருந்து இரண்டு பேர் தங்கள் டாக்குகளைத் தூக்கிக்கொண்டு வருகினமாம், நான் பார்த்துச் சொல்ல வேண்டுமாம். வேண்டாம் என்று சொல்லத்தான் வாயெடுத்தேன். "ஓம், வரச்சொல்லு" என்று வந்துவிட்டது.

ஏன் அப்படி வந்தது என்று இரண்டு நாள் யோசித்தேன். பிள்ளைகளுக்கு நீங்கள் அப்பா. பெயர் சொல்லிக் கூப்பிடாத எனக்கு இஞ்சாருங்கோ. பாலா என்று உங்களைச் சொல்ல இந்த வீட்டுக்குள் வருவது கனகு அண்ணையும் தேவனும்தான். அவர்கள் வராவிட்டால் உங்கள் பெயர் இங்கே கேட்காது. அந்தப் பயத்தில்தான் கதிரையைப் பிடித்துக்கொண்டு கிடக்கிறேன்.

இந்தக் கடிதத்தை ஞாயிற்றுக்கிழமை அளவெட்டிக்காரர் முன்னால் கனகு அண்ணையின் கையில் கொடுத்து, சத்தமாக வாசிக்கச் சொல்லுவேன். இது சத்தியம். எழுத்தில் இருந்தால் தன்னடக்கம் என்று ஒருவரும் தட்டிவிட ஏலாது. பிறகு வருகிறவர்கள் வரட்டும், வராதவர்கள் நிற்கட்டும். நான் அதற்கு அடுத்த ஞாயிறு கொடிகாமத்துத் தங்கச்சி வீட்டுக்கு பஸ் ஏறுவேன். உங்கள் பெயரை நானே சொல்லிக்கொள்ளுவேன். காலையில் குசினி அடுப்படியில் நின்று ஒருதரம் சொல்லிப் பார்த்தேன். முப்பத்தெட்டு வருடத்தில் முதல் தரம், வெட்கத்தில் முகமெல்லாம் சுட்டது.

போயிட்டு வாறன், பாலா.

உங்கள் பெண்சாதி